யாருக்கு வராது? – எய்ட்ஸ், மரபணு, விதிவிலக்கான உடல்கள்

1

எய்ட்ஸ் பற்றிய பேச்சு தொடங்கிய நாளிலிருந்தே அது 'யாருக்கு வரும்?' என்கிற கேள்வியைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. 1981இல் அமெரிக்காவில் நோய் முதன்முதலாகப் பதிவானது. 1983 மார்ச்சில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆபத்து அதிகமுள்ள குழுக்கள் என்று ஒரு பட்டியலைக் கொடுத்தது: ஒருபால் உறவுள்ள ஆண்கள், ஊசிவழி போதைமருந்து எடுப்பவர்கள், ஹைத்தி நாட்டவர், ரத்தம் உறையாமை நோயுள்ளவர்கள். கிருமி எதுவென்று உறுதிப்படுவதற்கு முன்பே ஆட்கள் யார் யார் என்பது முடிவாகிவிட்டது. 1985இல் ஹைத்திக்காரர்களைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதற்குள் வேலையும் வீடும் இழந்தவர்கள் இழந்தவர்கள்தான்.

நம்மூரில் 2000களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெங்கும் விளம்பரம் கேட்டபோதும் கேள்வியின் வடிவம் மாறவில்லை. கேட்டவர்கள் என்ன நினைத்துக் கேட்டார்களோ, படித்தவர்கள் பலருக்கு அது யாரோ ஒரு புள்ளிராஜாவின் சமாச்சாரம். நமக்கில்லை.

இந்தக் கேள்வியைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டு 'யாருக்கு வராது?' என்று சிலர் கேட்டார்கள். நான் இங்கே எழுத நினைப்பது அந்தப் புரட்டலின் வரலாற்றை. நோயெதிர்ப்பு மரபணுக்களில் மனிதருக்கு மனிதர் உள்ள சின்னச்சின்ன வேறுபாடுகள் எச்.ஐ.வி. தொற்றை எப்படிப் பாதிக்கின்றன என்பதுதான் அதன் அறிவியல் பெயர். அறிவியலாக அது அருமையான கதை. ஆனால் அதன் ஒவ்வொரு கட்டத்திலும், இரண்டு உடல்களுக்கும் ஓர் இடத்துக்கும் ஒரு காலத்துக்கும் இடையில் நடக்கிற விஷயம், ஒற்றை உடலின் உள்ளே ஒட்டியிருக்கும் சொத்தாக மாற்றிப் பேசப்பட்டிருக்கிறது. என் அக்கறை அதில்தான்.

2

விடை மரபணுவில் இருக்கிறது என்ற ஆசை 1987இலேயே முகம் காட்டியது. லண்டன் செயிண்ட் மேரி மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வைட்டமின் டியைச் சுமந்து செல்லும் ரத்தப் புரதம் ஒன்று இருக்கிறது, சுருக்கமாக ஜி.சி. என்பார்கள். பரம்பரையாக அது சில வகைகளில் வருகிறது. அதில் ஒரு வகை உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. சுலபமாகத் தொற்றுகிறது, இன்னொரு வகை பாதுகாப்புத் தருகிறது என்பது அவர்கள் கண்டது. சுலபமாகத் தொற்றும் என்று சொல்லப்பட்ட வகை மத்திய ஆப்பிரிக்க மக்களிடையே அதிகம்.

என்ன வசதியான விடை பாருங்கள்! ஆப்பிரிக்காவில் ஏன் இப்படிப் பரவுகிறது என்று கேட்டால், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுச் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் வேலைக்குப் போன ஆண்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. மருந்தில்லாத மருத்துவமனைகளைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. காலனியம் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு புரதம் போதும்.

மற்ற ஆய்வகங்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்த முடிவு வரவில்லை. 1988இல் அந்த ஆய்வாளர்களே அதே இதழில், தங்கள் தரவு பிழையானது என்று எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அது நேர்மையான செயல், அதில் சந்தேகமில்லை. விஞ்ஞானம் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த விடை வந்தவுடன் உட்கார ஒரு நாற்காலி தயாராகப் போடப்பட்டிருந்ததே, அதை யாரும் திரும்பப் பெறவில்லை. கருப்பு உடலுக்கு உள்ளேயே ஏதோ இருக்கிறது என்ற பொதுப்புத்தி, ஆதாரம் வருவதற்கு முன்னும் இருந்தது, ஆதாரம் போன பிறகும் இருந்தது.

3

அடுத்த கட்டம் நியூயார்க்கில். ஸ்டீவ் குரோன் என்ற ஓவியர். அவருடைய காதலர் ஜெர்ரி கிரீன் 1982இல் இறந்தார். அப்போது அந்த நோய்க்கு ஒழுங்கான பெயர்கூடக் கிடையாது. அதன் பிறகு நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். எல்லோரையும் போலவே வாழ்ந்த தனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்ற கேள்வியோடு, தன் உடலைச் சோதித்துப் பாருங்கள் என்று மருத்துவர்களிடம் தானே போனவர் அவர். இதைக் கவனிக்க வேண்டும். சாவைத் தேடிக்கொண்டிருந்த ஆய்வுக்கு, 'சாகாதவனைப் பார்' என்று சொன்னது விஞ்ஞானி அல்ல, தொற்றுக்கு நடுவில் வாழ்ந்துகொண்டிருந்த ஒரு மனிதர்.

ஆரன் டைமண்ட் எய்ட்ஸ் ஆய்வு மையத்தில் பில் பாக்ஸ்டன் என்ற ஆய்வாளர் குரோனின் ரத்தத்திலிருந்து சி.டி.4 வகை டி செல்களைப் பிரித்தெடுத்து அவற்றில் வைரசை ஏற்ற முயன்றார். ஏறவில்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போனார். அப்போதும் ஏறவில்லை.

ஏன் என்பது 1996இல் சில மாதங்களுக்குள் தெரிந்தது. எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைய சி.டி.4 என்ற மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது என்பது 1984இலேயே தெரியும். ஆனால் அது மட்டும் போதவில்லை, இரண்டாவது பிடிமானம் ஒன்று வேண்டியிருந்தது. 1995 டிசம்பரில் ராபர்ட் கேலோவின் குழு, உடலே சுரக்கும் மூன்று வேதிச் சமிக்ஞைகள் வைரசைத் தடுக்கின்றன என்று காட்டியது. அந்தச் சமிக்ஞைகள் போய் அமரும் இடம் சி.சி.ஆர்.5 என்ற புரதம். அதுதான் பெரும்பாலான எச்.ஐ.வி. வகைகளுக்கு இரண்டாவது பிடிமானம் என்பது 1996 ஜூனில் வெளியாயிற்று. ஆகஸ்டில் குரோனின் ரகசியம் வெளிப்பட்டது. அவருடைய சி.சி.ஆர்.5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அப்பாவிடமிருந்து வந்த பிரதியிலும் அப்படி, அம்மாவிடமிருந்து வந்ததிலும் அப்படி. வாக்கியத்தின் நடுவில் எழுத்துகள் விழுந்துபோனால் மிச்சம் அர்த்தமில்லாமல் போவதுபோல, அந்தப் புரதம் பாதியில் முறிந்து செல்லின் மேற்பரப்புக்கு வந்துசேர்வதே இல்லை. கதவே இல்லாத வீடு. டெல்டா 32 என்று அந்தக் குறைக்குப் பெயர் வந்தது.

அதே ஆண்டு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் ஸ்டீபன் ஓப்ரையன் சார்ந்த குழு, தொற்று ஏற்பட்ட 1343 பேரைச் சோதித்தது. இரண்டு பிரதியிலும் குறையுள்ளவர் ஒருவர்கூட இல்லை. ஒரு பிரதியில் மட்டும் குறையுள்ளவர்களுக்குத் தொற்று வரும், நோய் முற்றுவது மட்டும் தாமதப்படும் என்பதும் தெரிந்தது. வேறு கதவு வழியாக நுழையும் வைரஸ் வகையால் இரட்டைக் குறை உள்ளவர்களுக்கும் அபூர்வமாகத் தொற்று வரலாம் என்பது அடுத்த ஆண்டே தெரிந்துவிட்டது.

'எதிர்ப்பு' என்கிற சொல்லை நாம் கொஞ்சம் சந்தேகிக்கலாம் என்று தோன்றுகிறது. குரோனின் உடல் எதையும் எதிர்க்கவில்லை. சண்டை நடக்கவேயில்லை. ஒரு குறை, ஒரு விடுபடல் அவரைக் காப்பாற்றியது. படை, போர், வெற்றி என்ற உருவகங்களால் நிரம்பிய மருத்துவச் சொல்லாடலில் 'இல்லாமை' ஒரு பலம் என்பதைச் சொல்ல வார்த்தையே இல்லை. அதனால் அதையும் எதிர்ப்பு என்றே எழுதினார்கள், நானும் வேறு வழியில்லாமல் அப்படித்தான் எழுதுகிறேன்.

இந்தக் குறை ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் காணப்படுகிறது. அவர்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பிரதிகளில் அது உண்டு. இரண்டு பிரதியிலும் உள்ளவர்கள் 1 சதவீதம். ஆப்பிரிக்காவிலும் கிழக்காசியாவிலும் அனேகமாக இல்லை. ஐரோப்பாவுக்கு மட்டும் எப்படி? பிளேக்தான் இதைப் பெருக்கியது என்று 1998இல் ஒரு கருத்து வந்தது. 2003இல் பெரியம்மை என்றார்கள். பழங்கால எலும்புகளின் மரபணுவைப் படித்த 2025ஆம் ஆண்டு ஆய்வு, 6700 ஆண்டுகளுக்கும் முன்னால், கருங்கடல் வட்டாரத்தில் ஒருவரிடம் அது தோன்றியிருக்க வேண்டும் என்கிறது. எப்படியானாலும் அது எய்ட்சுக்காக வந்ததல்ல. எதற்கோ வந்தது, எதற்கோ உதவியது. 'மேலான மரபணு' என்று மார்தட்ட நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: மேற்கு நைல் வைரஸ் தொற்றினால் இதே இரட்டைக் குறை உள்ளவர்கள் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்று 2006இல் அமெரிக்காவில் கண்டார்கள். ஒரு கிருமிக்கு மூடிய கதவு இன்னொன்றுக்குத் திறந்த வாசல்.

4

சி.சி.ஆர்.5 கதை சுத்தமானது, சொல்ல எளிதானது. அதனாலேயே எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொற்று ஏற்பட்ட பிறகு யார் பத்து இருபது வருஷம் தாங்குகிறார்கள், யார் சீக்கிரம் விழுகிறார்கள் என்பதை அதிகம் தீர்மானிப்பது வேறொரு மரபணுத் தொகுதி: எச்.எல்.ஏ. இதை 1958இல் பாரிசில் ழான் தோசே கண்டறிந்தது ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடமிருந்து. ஓர் உடல் இன்னோர் உடலின் செல்களை ஏன் ஏற்க மறுக்கிறது என்ற ஆராய்ச்சியின் வழியாக 'நான்', 'பிறர்' என்று உடல் பிரித்துப் பார்க்கும் அடையாளமாக அது அறியப்பட்டது. உண்மையில் அதன் வேலை, செல்லுக்குள் நடப்பதன் துணுக்குகளை எடுத்து வாசலில் காட்டிக்கொண்டிருப்பது. உள்ளே வைரஸ் இருந்தால் வைரசின் துணுக்கும் வாசலுக்கு வரும். காவல் செல்கள் அதைப் பார்த்து அந்தச் செல்லை அழிக்கும். எந்தத் துணுக்கு காட்டப்படும் என்பது எச்.எல்.ஏ.யின் பள்ளம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த வடிவம் ஆளுக்கு ஆள் மாறும்.

1999இல் மேரி கேரிங்டன் குழு ஒன்றைக் காட்டியது. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வேறுவேறு எச்.எல்.ஏ. வகைகள் பெற்றவர்கள் மெதுவாக நோயுறுகிறார்கள், ஒரே வகையை இரண்டு பக்கமும் பெற்றவர்கள் வேகமாக நோயுறுகிறார்கள். கலப்பு காப்பாற்றுகிறது. சுத்த ரத்தம் பேசுகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது. 2010இல் மருந்தில்லாமலே வைரசை அடக்கி வைத்திருந்த 974 பேரையும் அப்படி முடியாத 2648 பேரையும் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு, முழு மரபணுத் தொகுதியையும் சலித்துப் பார்த்தது. கிடைத்த முக்கிய வேறுபாடுகள் எல்லாம் எச்.எல்.ஏ. இருக்கும் பகுதியில்தான் இருந்தன. பி57, பி27 என்ற வகைகள் காக்கின்றன. அவை வாசலில் காட்டும் துணுக்கு வைரசின் உள்கூட்டைச் சேர்ந்தது. அதை மாற்றிக்கொண்டு வைரஸ் தப்பிக்கலாம், ஆனால் மாற்றினால் தானே பலவீனப்படும்.

அப்படியானால் பி57 நல்ல ஜீன், அதுதானே? அவசரப்படக் கூடாது. அபக்காவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைக் கொடுத்தால் ஆபத்தான ஒவ்வாமை வருவது பி57இன் ஒரு வகை உள்ளவர்களுக்குத்தான். பி27 உள்ளவர்களுக்கு முதுகெலும்பு இறுகிப்போகும் நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

இதைவிட முக்கியமானது ஜப்பானில் நடந்தது. 1983 வாக்கில் தொற்றுக்குள்ளான ரத்தம் உறையாமை நோயாளிகளிடையே பி51 என்ற வகை பாதுகாப்புத் தந்தது. ஜப்பானில் அந்த வகை அதிகம் பேருக்கு உண்டு. ஆகவே அங்கே சுற்றிய வைரஸ் அதைத் தாண்டப் பழகியது, பழகிய வடிவமே மற்றவர்களுக்கும் பரவியது. 2009இல் வெளியான ஆய்வு சொன்னபடி, பின்னால் தொற்றுக்குள்ளானவர்களுக்கு பி51ஆல் பயனில்லாமல் போய்விட்டது. போட்ஸ்வானாவில் பி57க்கும் இதே கதிதான் என்று 2014இல் தெரிந்தது. அதே மரபணு, அதே எழுத்துகள், ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அதன் அர்த்தம் மாறிவிட்டது. ஒரு சொல்லின் பொருள் அந்தச் சொல்லுக்குள் இல்லை, மற்ற சொற்களோடு அது கொள்ளும் உறவில் இருக்கிறது என்று மொழியியலில் நாம் சளைக்காமல் பேசிக்கொண்டிருக்கிறோமே, அதைத்தான் இங்கே வைரஸ் செய்து காட்டுகிறது. மரபணுவுக்கும் வரலாறு உண்டு. அதுவும் பத்து இருபது ஆண்டுகளில் நடந்து முடிகிற வரலாறு.

5

நைரோபிக்கு வருகிறேன். நகரின் பும்வானி வட்டாரத்தில் மஜெங்கோ என்ற ஏழைக் குடியிருப்பு. 1980களின் தொடக்கத்தில் நைரோபி பல்கலைக்கழகமும் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகமும் பால்வினை நோய்களை ஆராய்வதற்காக அங்குள்ள பாலியல் தொழிலாளிப் பெண்களைச் சந்திக்க ஆரம்பித்தன. 1985இல் எச்.ஐ.வி. சோதனை செய்தபோது ஏழைப் பெண்களில் மூன்றில் இரண்டு பேருக்குத் தொற்று இருந்தது. மிச்சமிருந்தவர்களுக்கும் வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் வரவேயில்லை. இதைக் கவனித்தவர் ஃபிராங்க் பிளம்மர். 1996இல், நியூயார்க் கண்டுபிடிப்பு வெளிவந்த அதே ஆண்டில், இந்தப் பெண்களைப் பற்றிய கட்டுரை 'லான்செட்'டில் வந்தது.

இவர்களிடம் டெல்டா 32 இல்லை. கதவு இருந்தது, பூட்டும் சரியாகத்தான் இருந்தது. சில எச்.எல்.ஏ. வகைகள், வேறு சில நோயெதிர்ப்பு மரபணுக்களின் மாறுபாடுகள் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தன. எதுவும் தனியாக விளக்கிவிடவில்லை. தொற்றே இல்லாத இவர்களில் சிலருடைய உடலில், எச்.ஐ.வி.யை அடையாளம் கண்டு தாக்கும் செல்கள் இருந்தன. இதை நம்பி ஆக்ஸ்ஃபோர்டும் நைரோபியும் சேர்ந்து ஒரு தடுப்பூசியை வடிவமைத்தன. காப்புரிமையில் கென்ய விஞ்ஞானிகளுக்கு இடமில்லை என்று 2000இல் பெரிய சர்ச்சை எழுந்து பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று. தடுப்பூசி பலிக்கவில்லை.

பிறகு 2001இல் வந்தது எல்லாவற்றையும் கலைத்துப்போட்ட செய்தி. 'எதிர்ப்புள்ளவர்கள்' என்று வகைப்படுத்தப்பட்ட பெண்களில் சிலருக்குத் தொற்று வந்தது. எப்போது? தொழிலைச் சிலகாலம் நிறுத்தியோ குறைத்தோ இருந்த பிறகு. ஆபத்து குறைந்த காலத்தை ஒட்டித்தான் பாதுகாப்பு போயிற்று. அதாவது அந்தப் பாதுகாப்பு அவர்கள் பிறக்கும்போதே கொண்டுவந்த நகையல்ல. அன்றாட வாழ்க்கையோடு, உழைப்போடு, வைரசை ஓயாமல் சந்திப்பதோடு சேர்ந்து பராமரிக்கப்பட்ட ஒன்று. பின்னால் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்லின: இந்தப் பெண்களின் நோயெதிர்ப்புச் செல்கள் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தன. விழித்துக் கொதித்துக்கொண்டிருக்கும் செல்லில்தான் எச்.ஐ.வி. நன்றாகப் பெருகும். இங்கும் சண்டை உருவகம் தோற்கிறது.

நியூயார்க் ஆண் ஒரு மரபணு ஆனார். மஜெங்கோ பெண்கள் ஒரு 'புதிர்' ஆனார்கள். குரோனுக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, பேட்டிகள் உண்டு. இந்தப் பெண்கள் ஆய்வேடுகளில் எண்கள். பெயர் மறைக்கப்பட்டது அவர்கள் பாதுகாப்புக்குத்தான், அது சரியானதே. ஆனால் பெயர் சொன்னால் ஆபத்து என்ற நிலையில் அவர்கள் இருந்தார்கள் என்பதும் இந்த அறிவின் ஒரு பகுதிதானே? 1984இல் எய்ட்சால் இறந்த ஃபூக்கோ, மக்களின் உயிரை எண்ணிக் கணக்கிட்டு நிர்வகிக்கும் அதிகாரத்தைப் பற்றி எழுதினார். அந்த எண்ணிக்கையில் யார் பெயராகிறார்கள், யார் எண்ணாகவே நிற்கிறார்கள் என்பதை மஜெங்கோவை வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

6

சொல்வதற்கு எளிதான கதைக்குப் பயன்பாடுகளும் சீக்கிரம் வந்தன. 2007இல் மாராவிராக் என்ற மருந்து, சி.சி.ஆர்.5ஐ அடைப்பது, அனுமதி பெற்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் பெர்லினில், ரத்தப் புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் இருந்த டிமதி ரே பிரவுனுக்கு, இரட்டைக் குறையுள்ள ஒருவரின் ரத்த மூலச் செல்களை மருத்துவர் கேரோ ஹூட்டர் பொருத்தினார். வைரஸ் திரும்பவில்லை. 2020இல் பிரவுன் புற்றுநோயால் இறக்கும்வரை திரும்பவில்லை. ஆனால் 2023இல் ஜெனிவாவில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னார்கள். கொடையாளியிடம் டெல்டா 32 இல்லாமலே, மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் கழிந்தும் அவரிடம் வைரஸ் தலைகாட்டவில்லை. மரபணுக் கதையில் இன்னொரு விரிசல்.

2018 நவம்பரில் சீனாவில் ஹே ஜியான்குய், சி.சி.ஆர்.5ஐக் கருவிலேயே வெட்டித் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கவைத்ததாக அறிவித்தார். உலகமே திட்டியது. 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டு சிறை. அவர் செய்த வெட்டு இயற்கையான டெல்டா 32 கூட அல்ல. தந்தைக்குத்தான் தொற்று இருந்தது. குழந்தைக்கு வராமல் காக்க, விந்தைச் சுத்திகரிக்கும் சாதாரண முறையே போதும். பிறகு அந்தப் பெற்றோர் ஏன் போனார்கள்? எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் செயற்கைக் கருத்தரிப்பு மறுக்கப்பட்ட நாடு அது. அவமானத்துக்கும் விலக்கலுக்கும் பயந்த பெற்றோர். சமூகம் செய்த காயத்துக்கு ஜீனில் தையல் போடப் பார்த்தார்கள். இதைத் தனியொரு விஞ்ஞானியின் அத்துமீறல் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது என்பது என் எண்ணம். 'பாதுகாப்பு' என்பதை உடலுக்குள் இருக்கும் சொத்தாகப் பேசப் பழகிய ஒரு சொல்லாடல், அந்தச் சொத்தை வாங்கித் தர ஒருவர் கிளம்புவதில் போய்த்தான் முடியும்.

சரி, ஜீன் ஆராய்ச்சியே வேண்டாமா என்று கேட்கலாம். அப்படிச் சொல்லவில்லை. 'யாருக்கு வராது?' என்ற கேள்வி பல புதிய வாசல்களைத் திறந்தது. ஆனால் 1996ஐ இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் வான்கூவரில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில்தான் கூட்டு மருந்துச் சிகிச்சையின் வெற்றி உலகுக்குச் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு நியூயார்க்கில் சாவு சரசரவென்று குறைந்தது. நைரோபியில் குறையவில்லை. காரணம் டெல்டா 32 அல்ல. மருந்தின் விலை ஒருவருக்கு ஓராண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதே சிகிச்சையை 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டும் உரிமை தந்து, மருந்துப் பொருளுக்குத் தராமல் விட்டிருந்ததால் அது முடிந்தது. இடையில் போன ஐந்தாண்டுகளில் இறந்தவர்களின் எச்.எல்.ஏ. வகை என்னவாக இருந்தாலும், அவர்களைக் கொன்றதில் காப்புரிமைக்கு உள்ள பங்கை எந்த மரபணுவுக்கும் ஏற்றிவிட முடியாது.

ஸ்டீவ் குரோன் 2013 ஆகஸ்டில், 66 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். தன்னைச் சுற்றியிருந்த எல்லோரும் போன பிறகு பிழைத்திருப்பது எவ்வளவு பாரமானது என்று அவர் பேசியிருக்கிறார். எது அவரை அந்த முடிவுக்குக் கொண்டுபோனது என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. 32 எழுத்துக் குறை அவரை ஒரு வைரசிடமிருந்து காப்பாற்றியது என்பது மட்டும் உறுதி. ஆனால் அந்தக் குறையால் ஜெர்ரி கிரீனை மீட்டுத் தர முடியவில்லை. ஒரு தனி உடலுக்குள் இருக்கிற பாதுகாப்பின் எல்லை அவ்வளவுதான்.